கார் பத்திரமாக இருக்கிறது

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை வாசலில் விடமாட்டார். கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் காலுக்கடியில் வைத்து, அதன்மேல் பாதங்களை வைத்துக்கொண்ட பிறகுதான் பேச்சு. "இது என் வீடு பாய். உங்க செருப்பை யாரு எடுக்கப் போறா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எல்லாரும் நல்லவங்கதான் டீச்சரம்மா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதான் பயமா இருக்கு" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஒப்படைத்தார்கள்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த கடைசி வருடங்கள் அவை. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கும் அவருடைய தங்கை வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அதனால் பிறந்த வீடு தங்கைக்குப் போனது, அண்ணன் இரண்டு தெரு தள்ளித் தன் மனைவி வீட்டில் இருந்தார். ஆனாலும் பாதி நாள் இங்கேதான். அவர்களுடைய வாப்பா மவுத்தாகும்போது மகள் கையைப் பிடித்து மகன் கையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாராம். இதை அவர் எனக்கு ஒருமுறைதான் சொன்னார். காரைப் பற்றிச் சொன்னதற்குக் கணக்கே இல்லை.

தங்கையின் மாப்பிள்ளைக்கு வியட்நாமில், சைகோனில் துணிக்கடை; அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் ஊர்தான். கல்யாணத்துக்கு அவர் வந்தபோது கூடவே அந்தக் காரும் கப்பலில் வந்தது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, காரை ஏற்றி அரசலாற்று முகத்துவாரம் வழியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டமில்லை.

மாப்பிள்ளை மூன்று மாதம் இருந்தார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, விடிந்ததும் விடியாததுமாக அவளை முக்காட்டோடு பக்கத்தில் உட்காரவைத்துக் கடற்கரை வரை ஓட்டிப்போய் வந்தார். பிறகு, கடையைப் பார்க்கவேண்டும், ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். கிளம்பிய அன்று சாவியை மச்சான் கையில் வைத்து, "இது அமானிதம் மச்சான். நான் வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். உப்புக்காற்று படாமல் எப்படி மூடுவது, எதைக்கொண்டு துடைப்பது, எந்தத் துணி கூடாது என்று பத்து நிமிடம் பேசினார். கதவுக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பற்றியும் சொன்னார், "பாத்துக்கங்க" என்று. நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. அண்ணனுக்கோ அமானிதம் என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை.

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். துடைக்கலாம், காக்கலாம்; உபயோகிக்கக் கூடாது. கேட்கும்போது கொடுத்தபடியே திருப்பிக் கொடுக்கவேண்டும். தவறினால் மறுமையில் பதில் சொல்லியாகவேண்டும். மற்றவர்கள் இதை வாயால் சொல்வார்கள். அவர் வயிற்றில் சுமந்தார்.

முதல் வேலையாகப் போலீஸுக்குப் போனார். பிரெஞ்சுக் காலத்தில் பெரிய போலீஸ் அதிகாரியைக் கொம்மிசேர் என்போம். அவருக்குத் தமிழ் வராது, இவருக்கு பிரெஞ்சு வராது என்று என்னைக் கூட்டிப்போனார். காருக்குக் காவலாக ஒரு சிப்பாய் வேண்டும் என்பது மனு. கொம்மிசேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்த ஊரில் இந்தக் காரை ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்.

"மூணு பேர்" என்றார் இவர். "ஆஸ்பத்திரி டாக்டர். பஸ் ஓட்டுறவர். அப்புறம் நான். நான் அரிசி மில் லாரி ஓட்டியிருக்கேன்."

"மூவரில் யார்மேல் சந்தேகம்?"

"மூணு பேர் மேலயும்தான்."

எனக்கு மொழிபெயர்க்க வாய் வரவில்லை. "உங்க மேலயுமா பாய்?" என்றேன்.

"மனுஷ மனசு இல்லையா டீச்சரம்மா? நானும் நல்லவன்தானே" என்றார்.

சிப்பாய் கிடைக்கவில்லை. அவரே சிப்பாய் ஆனார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற ரோட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. அவர் கைலிக்கு மேலே கட்டியிருக்கிற அகலப் பச்சை பெல்ட்டில் பித்தான் வைத்த ஒரு பை உண்டு. ரோட்டர் அதற்குள் போயிற்று. குளிக்கும்போதுகூட பெல்ட்டைக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிக்கொண்டு குளித்ததாக அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

இது பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரைக்கும். அதன்பிறகுதான் உண்மையான காவல் தொடங்கியது.

அவர்கள் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அன்று ஊர் முழுக்கப் பட்டாசு. பூவத்திலும் வாஞ்சூரிலும் எல்லைச் சோதனை இனி இல்லை. ஒரு சீசா சென்ட் கொண்டுபோவதற்குக்கூட ஒளிந்து மறைந்து போகவேண்டாம் என்று ஆளாளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் எழவு வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு நாளா ரெண்டு பக்கமும் அடைச்சு இருந்துச்சு டீச்சரம்மா. எவன் எடுத்தாலும் எங்க கொண்டுட்டுப் போவான்? போலகம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி இங்கதான் வந்தாகணும். இப்ப டெல்லி வரைக்கும் தொறந்து விட்டுட்டாங்களே!"

ஊருக்குச் சுதந்திரம் வந்தது. அவருக்குப் பூட்டு இரண்டு போனது. மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்தார். தங்கை வீட்டில் கார் நுழைந்த கொல்லை வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்துக்குக் கதவு போட்டார். கதவுக்கு ஏழு பூட்டு.

"காரை எப்படி வெளிய எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"எடுக்க முடியாதே!" என்றார். காரை ஒப்படைத்த நாளிலிருந்து அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதுவும் போதவில்லை. சக்கரங்களைக் கழற்றினார். காரைப் பனங்கட்டைகள்மேல் ஏற்றி வைத்தார். ஒரு சக்கரம் அவர் மனைவி வீட்டு மச்சில். ஒன்று அரிசி மில்லில். ஒன்று கருக்களாச்சேரியில் ஒரு படகுக்காரர் வீட்டில். அவர் அதன்மேல் கருவாடு காயவைத்தார். நாலாவது சாக்கில் கட்டி என் கட்டிலுக்கு அடியில். ஸ்டியரிங் எங்கே என்று எனக்கே சொல்லவில்லை. பிறகு தெரிந்தது, அது அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்தது. மாங்கனித் திருவிழா, கந்தூரி என்று வெளியூர்க்கூட்டம் வருகிற நாட்களில் சக்கரங்கள் வீடு மாறும். திருடன் ஒருவன் அந்தக் காரைத் திருட நினைத்தால், முதலில் எங்கள் ஊரின் பாதி ஜனங்களிடம் பழகியாகவேண்டும்.

கிண்டல் செய்கிறேனே தவிர, அவர் காரைப் பார்த்துக்கொண்டதுபோல நான் என் கண்ணைப் பார்த்துக்கொண்டதில்லை. வாரத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியால் துடைப்பார். எஞ்சின் இறுகிவிடாமல் முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றிவிடுவார். இருக்கையில் மட்டும் உட்காரவேமாட்டார்.

தங்கையையும் உட்கார விடவில்லை. ஒருநாள் அவள் கேட்டாள். நான் அப்போது அங்கே இருந்தேன். "நானா" என்றாள், அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அஞ்சு நிமிஷம் உள்ள உக்காந்துட்டு எந்திரிச்சிடுறேன்."

"அமானிதம்மா. உக்காரக் கூடாது."

"அவங்க என்னைய உக்கார வச்சாங்களே."

"அது அவரு பொருளு, அவரு வச்சாரு. இப்ப என் பொறுப்பு."

ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கிற வெளிநாட்டுக் கார் அது. அவள் தான் உட்கார்ந்த அந்த வலதுபக்க இருக்கைமேல் கையை மட்டும் வைத்துவிட்டு வந்தாள். இருபத்திரண்டு வயது. எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

கடிதங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நேரே என் வீட்டுக்கு வருவார். சைகோனுக்கு உறைமேல் விலாசம் பிரெஞ்சில் இருக்கவேண்டும் என்பதால் அது என் வேலை. உறையை ஒட்டுவதற்கு முன் என்னிடமே கடிதத்தைப் படிக்கக் கொடுப்பார், பிழை இருக்கிறதா என்று. பிழை இருக்காது. ஸலாம் முடிந்ததும் முதல் வரி, "கார் பத்திரமாக இருக்கிறது." பிறகு காரின் உடல்நிலை ஒரு பக்கம். கடைசியில், கையெழுத்துக்கு மேலே இடம் இருந்தால், "தங்கையும் நலம்."

பதில் முதலில் மாதம் தவறாமல் வந்தது. பிறகு பெருநாளைக்குப் பெருநாள். அவள் டைபாயிடில் இருபது நாள் படுத்திருந்தபோது அதையும் எழுதினார். "வருந்துகிறேன். காரைக் கவனித்துக்கொள்ளவும்" என்று பதில் வந்தது. ஆறு மாதம் என்று சொன்னவர் வராமல் ஐந்து வருடம் ஆகிவிட்டது. "மாப்புள வந்துடுவாரு டீச்சரம்மா" என்பார் இவர். "இவ்வளவு விலை போட்டு வாங்கின காரை விட்டுட்டு இருப்பாரா?" அவருடைய காவலின் உள்நோக்கம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கார் இருக்கிறவரை மாப்பிள்ளை வந்தே தீரவேண்டும். தங்கையின் வாழ்க்கையையே அவர் அந்தக் கொல்லையில் ஏழு பூட்டுக்குள் வைத்திருந்தார்.

என் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் சுவரோரம் அவளிடம் சொன்னேன்: "உங்க நானா எழுதுற கடுதாசியைப் படிச்சா எந்தப் புருஷனும் நிம்மதியாத் தூங்குவான். பொருள் பத்திரமா இருக்குன்னா எதுக்கு எந்திரிச்சு வரணும்?"

அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் ஒட்டிய உறை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, விலாசம் எழுதிக் குடுங்க. நானாவுக்குத் தெரிய வேணாம்." அவள் எழுதுவது அரபுத் தமிழ், பேச்சு நம்முடையது, எழுத்து அரபி. பிரித்துக் கொடுத்திருந்தாலும் என்னால் படிக்க முடியாது. எழுதிக் கொடுத்தேன்.

நாற்பதே நாளில் மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்தவர், கால்கூடக் கழுவாமல் கொல்லைக்கு ஓடினார். அண்ணன் அங்கே துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று மாப்பிள்ளையைப் பார்த்ததும் எண்ணெய்த் துணியோடு எழுந்து நின்றார். நான் சுவருக்கு மேலே தலையை நீட்டிவிட்டேன், வெட்கப்படவில்லை.

"எப்பப் போச்சு மச்சான்?"

"எது மாப்புள?"

"கார்!"

"இங்கதானே இருக்கு."

மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். சக்கரமில்லாமல், ஸ்டியரிங் இல்லாமல், பனங்கட்டைமேல் பளபளவென்று கார் நின்றது. "களவு போயிடுச்சுன்னு கடுதாசி வந்துச்சே! யாரு எழுதினது?"

"நான்தான்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கார் இருக்குன்னு நானா அறுபது கடுதாசி எழுதினாங்க. நீங்க வரல. இல்லேன்னு நான் ஒண்ணு எழுதினேன். வந்துட்டீங்க."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அண்ணன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. "என் காவல்ல களவு போச்சுன்னு எழுதிட்டாளே டீச்சரம்மா. பொய்யினாலும் எழுத்துல போனது போனதுதானே. சைகோன்ல நாலு பேரு படிச்சிருப்பாங்களே" என்று என்னிடம் வந்து புலம்பினார். ஆனால் மாப்பிள்ளை வந்துவிட்டார். வீட்டில் மீன் குழம்பு மணத்தது. பிறகு அவரும் சமாதானமானார். நாலு வீட்டிலிருந்தும் சக்கரங்கள் வந்தன. கருவாட்டுச் சக்கரத்தை மூன்று தடவை கழுவினார்கள்.

நாலாம் நாள் மாப்பிள்ளை ஒரு விண்ணப்பப் பாரத்தோடு என் வீட்டுக்கு வந்தார். சைகோனில் இனி வியாபாரம் ஓடாதாம். கடையை மூடிவிட்டு பிரான்ஸுக்குப் போகப் போகிறாராம். காரை மதராஸ் வரை ஓட்டிப்போய் விற்றுவிடுவாராம். பாரத்தை பிரெஞ்சில் பூர்த்தி செய்து தரவேண்டும். மனைவி பெயர் என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் எழுதியிருந்தது. அவள் பெயரில்லை. கீழே இரண்டு குழந்தைகளின் பெயர்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க இருக்கிறவங்களுக்கு மாசாமாசம் பணம் அனுப்பிடுவேன் டீச்சர்" என்றார்.

பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். என் கை எப்படி எழுதியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவர் பாதங்கள் செருப்பின்மேல் அப்படியே இருந்தன. "சரி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் எல்லாம் தயார். சக்கரம் மாட்டியாயிற்று, ஸ்டியரிங் அரிசித் தவிட்டோடு வந்து உட்கார்ந்தது, பெட்ரோல் ஊற்றியாயிற்று, பேட்டரி புதுசு. சுவரை இடிக்கக் கொத்தனார் கடப்பாரையோடு நிற்கிறார். கார் கிளம்பவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து மெக்கானிக் வந்து மூடியைத் திறந்த மாத்திரத்தில் சொன்னார்: "ரோட்டரே இல்லியேங்க. இந்த வண்டிக்கு இந்தப் பக்கம் எங்கயும் கிடைக்காது."

மாப்பிள்ளை திரும்பினார். "அது எங்க மச்சான்?"

அண்ணன் கை பெல்ட்டுக்குப் போகவில்லை. நான் கவனித்தேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"களவு போயிடுச்சு" என்றார்.

ஐந்து வருடமாக எந்த வார்த்தைக்கு ஏழு பூட்டுப் போட்டு வைத்திருந்தாரோ, அதை அவர் வாயாலேயே சொன்னார். கொம்மிசேரிடம் அவர் கொடுத்த பட்டியல் எனக்கு ஞாபகம் வந்தது. மூன்றாவது பெயர் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மாப்பிள்ளை மதராஸுக்குத் தந்தி கொடுத்தார், பம்பாய்க்கு எழுதினார். ஒருநாள் இரண்டு நாள் என்று ஒரு மாதம் ஓடியது. வேறு வழியில்லாமல் வீட்டில் இருந்தார், சாப்பிட்டார், மாலையில் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது முடுக்கினார். அவள் தேநீர் கொண்டுபோய்த் தரையில் வைப்பாள். அடியிலிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு மாதத்தில் அவர் முகத்தைவிட அந்தக் கையைத்தான் அதிகம் பார்த்ததாக அவள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, "அக்கா, அந்தப் பாரத்துல என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள். நான் உலர்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அண்ணன் இளைத்துப்போனார். என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடைசியில் அவர் மனைவி மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தங்கை சுவரோரம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"மதினி சொன்னாங்கக்கா. நானா பள்ளிவாசல்ல கடைசி வரிசையில நிக்கிறாங்களாம். ஒரு மாசமா. வாப்பா நின்ன முதல் வரிசை அவங்களுக்கு. கூப்பிட்டாக்கூட முன்னாடி வர மாட்டேங்குறாங்களாம்."

அன்றைக்கு அண்ணன் வந்ததும் அவள் என்னையும் கூப்பிட்டாள். மாப்பிள்ளை தந்தி ஆபீஸுக்குப் போயிருந்தார். அண்ணன் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"பெல்ட்டுல இருக்குறதைக் குடுத்துடுங்க நானா."

"என்னம்மா இருக்கு?"

"ஒரு மாசமா அந்தப் பக்கம் சாஞ்சு உக்கார மாட்டேங்குறீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "குடுத்தா அவரு போயிடுவாரும்மா."

"போகட்டும். எனக்கு அழுகை வரும்தான். ஆனா அவங்க இருந்த இந்த ஒரு மாசமும் நான் தனியாத்தான் இருந்தேன், நானா. அது பழகிடுச்சு. நீங்க கடைசி வரிசையில நிக்கிறது எனக்குப் பழகாது."

"வாப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"வாப்பா என்னையத்தானே உங்க கையில குடுத்தாங்க. இரும்பையா குடுத்தாங்க?"

அவர் அழுதார். சத்தம் போட்டு அழுதார். பித்தானைக் கழற்ற அவர் விரல்களுக்கு வரவில்லை; அவளே கழற்றி எடுத்தாள். மாப்பிள்ளை வந்ததும் ரோட்டரை ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். எங்கே இருந்தது என்று அவரும் கேட்கவில்லை. கேட்க அவருக்கும் யோக்கியதை இல்லை.

சுவரை இடித்தார்கள். கார் மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. ஐந்து வருடம் கடற்கரை உப்புக்காற்றில் நின்ற வண்டி அது. எஞ்சின் சத்தம் கேட்டதும் அழுத கண்ணோடு அண்ணன் முகத்தில் ஒரு பெருமை வந்ததே, அதை நான் எப்படி மறப்பேன்? அதற்காக அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. மாப்பிள்ளை இறங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு கீறல்கூட இல்ல மச்சான். உங்களை மாதிரி நம்பிக்கையான ஆளு கிடைக்காது" என்றார். ஒரு இருக்கையில் அவர் உட்கார்ந்தார். அவள் ஒரே ஒருமுறை உட்கார்ந்த இன்னொன்றில் தன் தோல்பெட்டியை வைத்துக்கொண்டார். "கடுதாசி போடுறேன்" என்று கதவைப் பார்த்துச் சொன்னார். தெரு முனை வரை தூசி எழும்பி அடங்கியது.

இடித்த இடத்தை மறுபடி அடைக்க அண்ணன் கொத்தனாரைக் கூட்டிவந்தார். பழக்கம். அவள் விடவில்லை. காற்று வருகிறது, அப்படியே இருக்கட்டும் என்றாள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரத்துக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பு கையில். உட்கார்ந்து, காலுக்கடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து வழக்கம்போல ஒரு காகிதத்தை எடுத்துப் பிழை பார்க்கக் கொடுத்தார். இன்றைக்கு எந்த வரிசை என்று கேட்க நினைத்தேன். அவர் நெற்றியில் பள்ளிவாசல் பாயின் தடம் அழுந்தியிருந்தது; எந்த வரிசையானாலும் மனசு நிறையத் தொழுதிருக்கிறார் என்று கேட்கவில்லை. காகிதத்தில் ஸலாமுக்குப் பிறகு ஒரே வரிதான் இருந்தது.

"தங்கை பத்திரமாக இருக்கிறாள்."

அவள் முதல் வரிக்கு வர ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை கப்பலேறிவிட்டார் என்று கேள்வி. பேனாவைத் திறந்து உறையை எடுத்துக்கொண்டு, "எந்த விலாசம் பாய்?" என்றேன்.

அவர் என் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

"வாப்பாவுக்கு விலாசம் இல்லியே டீச்சரம்மா" என்றார்.

காகிதத்தை வாங்கி நாலாக மடித்து, ரோட்டர் இருந்த அதே பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.